காசு நம்முடையது, நிபந்தனையும் நம்முடையதாக இருக்க வேண்டாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டு ஓடிவிடாமல், சேமித்து வைத்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

"சீனா காலி! இனிமேல் உலகத்துக்கே சிப் கொடுக்கப் போவது நாம்தான்!" என்ற ஃபார்வர்டு இந்த ஒரு வாரத்தில் நான்கு வாட்ஸ்அப் குழுக்களில் எனக்கு வந்துவிட்டது. ஓய்வூதியர் குழு, தெருக் குழு, சம்பந்தி வீட்டுக் குழு, 1998-ல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்னையும் சேர்த்து வைத்திருக்கும் குழு. இது வந்த ஐந்தாவது நிமிடம் எதிர்ப்படை இறங்கிவிடுகிறது. "சிப்பாவது மண்ணாவது சார், வெளிநாட்டில் செய்ததைக் கொண்டுவந்து இங்கே டப்பாவில் அடைக்கிறான், வெறும் பேக்கிங்!" அப்புறம் இரண்டு பக்கமும் ஸ்மைலி யுத்தம். நள்ளிரவுக்கு யாராவது ஒருவர் குழுவிலிருந்து வெளியேறுவார். மறுநாள் காலை அட்மின் அவரைத் திரும்பச் சேர்ப்பார்.

பெருமைப்படுகிறவர்களும் சரி, கிண்டலடிக்கிறவர்களும் சரி, ஒரு கேள்வியைக் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள். அடுத்த முறை உலகத்தில் சிப் கிடைக்காமல் போகும்போது, நம் வரிப்பணத்தில் எழும்பிய ஆலை முதலில் யாருக்குக் கொடுக்கும்? அது எந்தக் காகிதத்தில், எந்த வரியில் எழுதியிருக்கிறது?

34 வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். குறைக்கடத்திப் பாடத்தில் டையோடு, டிரான்சிஸ்டர் என்று கரும்பலகையில் படம் போட்டே சுண்ணாம்புத் தூளைத் தின்றவன். அந்த உரிமையில் முதலில் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 2020 முதல் 2022 வரை நடந்த தட்டுப்பாடு எப்படி வந்தது என்று தெரியாமல், அதற்கு மருந்து என்று சொல்லி விற்கப்படுவதை எடை போட முடியாது.

கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில், "கொரோனாவால் வந்தது." பாதி பதில். தேர்வில் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். 2020 மார்ச், ஏப்ரலில் உலகம் முழுக்கக் கார் ஷோரூம்கள் மூடின. கார் கம்பெனிகள் பயந்துபோய், கொடுத்திருந்த சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அதே நேரத்தில் வீட்டில் அடைபட்ட உலகம் லேப்டாப், டேப்லெட், வீடியோ கேம் பெட்டி என்று வாங்கித் தள்ளியது. சிப் ஆலைகள் காலியான இடத்தை இவர்களுக்குக் கொடுத்துவிட்டன. வியாபாரம்தானே, தப்பில்லை. அந்த வருடக் கடைசியில் கார் விற்பனை எதிர்பார்த்ததைவிட வேகமாக எழுந்தது. கார்க்காரர்கள் ஓடிவந்தார்கள். "வரிசையில் கடைசியில் நில்லுங்கள்" என்று பதில் வந்தது.

உலகின் பெரிய சிப் ஆலைக்காரரான தைவானின் டி.எஸ்.எம்.சி-க்கு 2020-ல் கார் சிப்களால் வந்த வருமானம் மொத்தத்தில் சுமார் 3 சதவீதம். நூறு ரூபாய்க்கு வியாபாரம் செய்கிற கடையில் மூன்று ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறவர் சண்டை போட்டால் எடுபடுமா?

சரி, கூடுதலாகச் செய்து கொடுத்திருக்கலாமே என்பீர்கள். வெறும் சிலிக்கான் வில்லை ஆலைக்குள் நுழைந்து, நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டி, வேலை செய்கிற சிப்பாக வெளியே வர மூன்று நான்கு மாதம் ஆகும். கத்தரிச் செடியை மேலே பிடித்து இழுத்தால் சீக்கிரம் காய்க்காது. புது ஆலை கட்டுவதென்றால் இரண்டு மூன்று வருடம். அதிலும் தட்டுப்பாடு வந்தவை பெரும்பாலும் பழைய ரகச் சிப்கள். கண்ணாடியை ஏற்றி இறக்க, பிரேக்கைக் கவனிக்க, மின்சாரத்தை அளந்துவிட என்று இருக்கிற மலிவுச் சரக்கு. லாபம் குறைவு என்பதால் அதற்குப் புது ஆலை கட்ட யாருக்கும் ஆசை இல்லை.

இந்த நிலையில் 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயலால் கரண்ட் போய், ஆஸ்டினில் இருந்த சாம்சங், என்.எக்ஸ்.பி, இன்ஃபினியன் ஆலைகள் நின்றன. மார்ச் 19-ந் தேதி ஜப்பானில் ரெனேசாஸ் கம்பெனியின் நாகா ஆலையில், முலாம் பூசும் ஒரு கருவியில் தீப்பிடித்தது. அது கார் சிப் செய்கிற முக்கியமான இடம். தைவானில் ஐம்பது வருடங்களுக்கும் மேலாகப் பார்க்காத வறட்சி. சிப் ஆலை லாரியில் தண்ணீர் வாங்கியது. அரசாங்கம் சுமார் 74,000 ஹெக்டேர் வயலுக்குப் பாசனத் தண்ணீரை நிறுத்தி, விவசாயிக்கு நஷ்டஈடு கொடுத்தது. தட்டுப்பாட்டு நேரத்தில் தண்ணீர் வயலுக்கா ஆலைக்கா என்று ஒரு அரசாங்கம் முடிவு செய்ய வேண்டி வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டு யாருக்கு என்பதுதான் இந்தப் பதிவு முழுக்க.

விளைவு உங்களுக்கே தெரியும். மாருதி சுஸுகி 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் செய்ய முடியும் என்று அறிவித்தது. அமெரிக்காவில் ஃபோர்டு, சிப் இல்லாமல் முடிக்க முடியாத வண்டிகளைக் கென்டக்கியில் ஒரு பந்தயத் திடலில் வரிசையாக நிறுத்தி வைத்தது. பிரான்ஸின் பியூஜோ, 308 மாடலில் டிஜிட்டல் திரையை எடுத்துவிட்டுப் பழைய முள் வைத்த மீட்டரையே மாட்டியது. (எனக்கென்னவோ அந்த மீட்டர்தான் பிடிக்கும். அது வேறு விஷயம்.) என் தம்பி மகன் ஒரு காரைப் பதிவு செய்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தான். கடைசியில் வண்டி ஒரே ஒரு சாவியோடு வந்தது, மறு சாவி பின்னால் வரும் என்றார்கள். அலிக்ஸ்பார்ட்னர்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம், அந்த ஒரு வருடத்தில் கார்த்தொழில் 77 லட்சம் வண்டிகளையும் 21,000 கோடி டாலர் வருமானத்தையும் இழக்கும் என்று கணக்குச் சொன்னது.

இப்போது மூல காரணத்துக்கு வருகிறேன். நம் பாட்டி வீட்டில் குதிர் இருந்தது. அறுவடை பொய்த்தாலும் ஆறு மாதம் சமாளிக்கலாம். குதிரில் நெல் சும்மா கிடப்பது பண விரயம், அடுத்த வேளைச் சோற்றுக்கு அரிசி அடுப்புப் பற்ற வைக்கும்போது வாசலுக்கு வந்தால் போதும் என்று ஒரு தத்துவத்தை உலகத் தொழிற்சாலைகள் எல்லாம் நாற்பது வருடமாகப் பின்பற்றுகின்றன. அதை வகுத்த குரு டொயோட்டா. ஆனால் அந்தக் குரு என்ன செய்தார் தெரியுமா? 2011 சுனாமி, நிலநடுக்கத்தில் அடிபட்டதும் (அப்போதும் இதே நாகா ஆலை நின்றது), சிப் போன்ற முக்கியமான பொருட்களை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு இருப்பு வையுங்கள் என்று சப்ளையர்களிடம் சொல்லிவிட்டார். அதனால் 2021-ன் முதல் பாதியில் மற்றவர்கள் தவித்தபோது டொயோட்டா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் அதற்கும் மூச்சு முட்டியது, ஆனாலும் சீடர்களைவிட ஆறு மாதம் தாமதமாக.

அதாவது, இருப்பு வைக்காமல் மிச்சம் பிடித்த லாபம் பல வருடமாகக் கம்பெனிகளின் பையில் போனது. தட்டுப்பாடு வந்ததும் "இது தேசப் பாதுகாப்புப் பிரச்சினை" என்று அரசாங்கங்களின் வாசலில் வந்து நின்றார்கள். அரசாங்கங்களும் திறந்த கையோடு கொடுத்தன. அமெரிக்கா 2022 ஆகஸ்டில் 5,270 கோடி டாலருக்குச் சட்டம் போட்டது. அதில் 3,900 கோடி ஆலை கட்டுவதற்கான ஊக்கத்தொகை. ஐரோப்பா 4,300 கோடி யூரோ திரட்டுவோம் என்றது. நாம் 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் ஒதுக்கினோம்.

கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. கமெண்டில் அப்படித் திரித்து எழுதாதீர்கள். இந்தத் தொழில் எந்த நாட்டிலும் அரசுப் பணம் இல்லாமல் வளர்ந்ததில்லை. டி.எஸ்.எம்.சி-யே 1987-ல் தைவான் அரசாங்கத்தின் முதலீட்டோடு பிறந்த குழந்தைதான். என் கேள்வி, வாங்கிக்கொள்கிறவன் பதிலுக்கு எதில் கையெழுத்துப் போட்டான் என்பது.

ஜப்பானைப் பாருங்கள். குமமோட்டோவில் டி.எஸ்.எம்.சி ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதல் ஆலைக்கு ஜப்பான் அரசு கொடுக்க ஒப்புக்கொண்டது 47,600 கோடி யென் வரை. சும்மா கொடுக்கவில்லை. குறைந்தது 10 வருடம் உற்பத்தி தொடர வேண்டும், உலகில் தட்டுப்பாடு வந்தால் உற்பத்தியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்துக் கொடுத்தது. 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சட்டத்தில், நெருக்கடி நிலை அறிவித்தால், அந்தச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற ஆலைகளிடம் "மற்ற ஆர்டரை ஓரமாக வை, மருத்துவமனைக்கும் மின்நிலையத்துக்கும் வேண்டியதை முதலில் செய்" என்று சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். சந்தை தானே பார்த்துக்கொள்ளும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற அமெரிக்கா, 15 கோடி டாலருக்கு மேல் கேட்கிற கம்பெனி தொழிலாளர்களுக்குக் குழந்தை காப்பகத் திட்டம் காட்ட வேண்டும், எதிர்பார்த்ததைவிட அதிக லாபம் வந்தால் அரசுக்குப் பங்கு தர வேண்டும் என்று 2023-ல் விதி வைத்தது. 2025 ஆகஸ்டில் இன்டெலுக்குக் கொடுக்க வேண்டிய மானியத்தையே முதலீடாக மாற்றி, சுமார் 10 சதவீதப் பங்கை அரசாங்கத்தின் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டது. நம் ஊரில் யாராவது இப்படிப் பேசினால் உடனே "நீங்கள் தொழில் வளர்ச்சிக்கு எதிரி, பழைய கம்யூனிஸ்ட்" என்பார்கள். டிரம்ப்பும் கம்யூனிஸ்டா ஐயா?

இனி "வெறும் பேக்கிங்" என்று சிரிக்கிறவர்களுக்கு. நெக்ஸ்பீரியா என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் வீடுகளில் சிலோன் வானொலி கேட்ட பிலிப்ஸ் ரேடியோ இருந்ததே, அந்த பிலிப்ஸின் குறைக்கடத்திப் பிரிவு வழியாக வந்த பேரப்பிள்ளை இந்தக் கம்பெனி. தலைமையகம் நெதர்லாந்தில், முதலாளி சீனாவின் விங்டெக். இவர்கள் செய்வது டையோடு, டிரான்சிஸ்டர். ஆம், நான் கரும்பலகையில் போட்ட அதே சாதனங்கள். ஒன்றின் விலை சில பைசாக்கள். சிலிக்கான் வில்லை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் தயாராகும். அதை வெட்டி, கால் வைத்து, உறை போட்டு, சோதித்து அனுப்பும் வேலையில் சுமார் 70 சதவீதம் சீனாவில் நடக்கும்.

2025 செப்டம்பர் 30-ந் தேதி நெதர்லாந்து அரசு, 1952-ல் போட்ட ஒரு பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, இந்தக் கம்பெனியின் முடிவுகளைத் தடுக்கும் அதிகாரத்தைக் கையில் எடுத்தது. நான்கே நாளில் சீனா தன் மண்ணில் உறை போட்ட நெக்ஸ்பீரியா சரக்கு வெளியே போகக் கூடாது என்று தடை விதித்தது. அந்த மாதக் கடைசியில் மெக்சிகோவின் செலாயாவில் ஹோண்டா கார் ஆலை நின்றுவிட்டது. ஐரோப்பியக் கார்க்காரர்கள் அலறினார்கள். நவம்பரில் சீனா தடையைத் தளர்த்தியது, நெதர்லாந்தும் தன் உத்தரவை நிறுத்தி வைத்தது. ஹாம்பர்க்கில் வில்லை மலையாகக் குவிந்திருந்தாலும், அதற்கு உறை போடும் இடம் அடுத்தவன் கையில் இருந்தால் நீ வெறுங்கைதான். 2021 ஆகஸ்டில் மலேசியாவில் கொரோனாவால் உறை போடும் ஆலைகள் நின்றபோதும் இதே கதை நடந்தது. உலகின் சிப் உறையிடல், சோதனை வேலையில் சுமார் 13 சதவீதம் அங்கே நடக்கிறது. நம் சொந்தக்காரர்கள் வாழும் பினாங்கில் இன்டெல் 1972-லேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. பேக்கிங்கைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் முதலில் ஒரு முறை பினாங்கு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆகவே குஜராத்தின் சனந்தில் மைக்ரானின் உறையிடும் ஆலை, அசாமின் ஜாகிரோட்டில் டாடா 27,000 கோடி ரூபாயில் கட்டும் ஆலை எல்லாம் பயனுள்ளவைதான். தோலேராவில் தைவானின் பி.எஸ்.எம்.சி தொழில்நுட்பத்தோடு 91,000 கோடியில் வரும் டாடா ஆலை 28 நானோமீட்டர் முதல் 110 வரை செய்யும் என்கிறார்கள். "தைவான் இரண்டுக்குப் போய்விட்டான், நாம் இருபத்தெட்டா" என்று மீம் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், 2021-ல் கார் ஆலைகளை நிறுத்தியது அந்தப் பழைய ரகம்தான். அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு என் பாராட்டு.

ஆனால் சனந்த் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 275 கோடி டாலர். மைக்ரான் போடுவது 82.5 கோடி டாலர் வரை. மிச்சத்தில் மத்திய அரசு திட்டச் செலவில் 50 சதவீதம், குஜராத் அரசு 20 சதவீதம். அதாவது நூற்றுக்கு எழுபது நம்முடையது. ஒரு வீட்டில் எழுபது பங்கு பணம் நான் போட்டு, பட்டா அடுத்தவர் பெயரில் இருந்தால், குறைந்தபட்சம் மழைக்கு ஒதுங்க எனக்கு இடம் உண்டு என்றாவது எழுதி வாங்குவேன். நீங்களும் வாங்குவீர்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் கிடையாது. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தட்டுப்பாடு நினைவகச் சிப்பில். செயற்கை நுண்ணறிவுக்கான ராட்சதக் கணினிக் கூடங்கள் நினைவகத்தை வாரிக் குடிக்கின்றன. உலகத்தில் நினைவகம் செய்கிற பெரிய கம்பெனிகள் மூன்றுதான். மூன்றும் லாபம் அதிகமுள்ள அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இதே மைக்ரான், சாதாரண மக்கள் கடையில் வாங்கிக் கணினியில் செருகுகிற 'குரூஷியல்' நினைவக வியாபாரத்தை மூடப் போவதாக அறிவித்தது. காரணம், பெரிய வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு வேண்டுமாம். கம்பெனி தன் லாபத்தைப் பார்க்கிறது, அதற்கு அந்த உரிமை உண்டு. எழுபது பங்கு போட்ட நாமும் நம் பிள்ளைகளின் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும், அதற்கும் ஒரு வரி இருந்திருக்க வேண்டும். நினைவகம் விலை ஏற ஏற, ஏழை வீட்டுப் பிள்ளை வாங்கும் லேப்டாப்தான் முதலில் எட்டாக்கனியாகும்.

நம் மாநிலத்துக்கு வருகிறேன். மின்னணுப் பொருள் ஏற்றுமதியில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம், சந்தோஷம். ஆனால் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு "கம்பெனி வருகிறது" என்ற செய்தியைப் போலவே "கம்பெனி போகிறது" என்ற செய்தியும் பழக்கம். நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தி தொடங்கியது. உலகின் மிகப்பெரிய கைபேசி ஆலைகளில் ஒன்று என்றார்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி நின்றது. வரி வழக்கில் சிக்கியதால் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்ற சொத்தில் இந்த ஆலை சேரவில்லை, ஆர்டர் நின்றது, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவர்கள், பெரும்பகுதி இளம்பெண்கள், வீட்டுக்குப் போனார்கள். யார் பக்கம் நியாயம் என்று இன்னும் வாதாடலாம். அரசாங்கமும் கம்பெனியும் அடித்துக்கொண்டதில் அந்தப் பெண்கள் எந்தக் கட்சி?

2021 டிசம்பரில் உலகம் முழுக்கச் சிப் சிப் என்று தவித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், இதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் கோக்கும் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயில் விழுந்து, நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. விநியோகச் சங்கிலி என்று பெரிய வார்த்தை பேசுகிற நிபுணர்கள் யாரும் கட்டுரையில் எழுதாத கண்ணி அது, விடுதிச் சமையலறை. அமெரிக்கன் குழந்தை காப்பகம் கேட்டது தர்மத்துக்காக மட்டும் இல்லை. ஆள் வராவிட்டால் ஆலை ஓடாது என்ற கணக்கும் அதில் உண்டு.

தமிழ்நாடு அரசும் 500 கோடி ரூபாயில் குறைக்கடத்தி இயக்கம் 2030 என்று அறிவித்திருக்கிறது. நல்ல விஷயம். பேரம் பேச இதுதான் நேரம், கையெழுத்துப் போட்ட பிறகு பேச முடியாது. எத்தனை வருடம் ஆலை நிற்க வேண்டும், முன்பே கிளம்பினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், தட்டுப்பாடு வந்தால் உள்நாட்டு மருத்துவக் கருவி, மின்வாரியம், ரயில்வேக்கு எத்தனை பங்கு, வறட்சி வந்தால் ஏரித் தண்ணீர் யாருக்கு முதலில், நிரந்தரத் தொழிலாளி எத்தனை பேர், விடுதி யார் பொறுப்பு. இவ்வளவும் ஒரு முழுத்தாளில் அடங்கும். மத்திய அரசானாலும் மாநில அரசானாலும் அந்தத் தாளை மக்கள் மன்றத்தில் வையுங்கள். உங்கள் தொகுதி எம்.பி., எம்.எல்.ஏ. எந்தக் கட்சியானாலும் இதைக் கேளுங்கள். நான் இரண்டு பேருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

"அப்படிக் கறாராகப் பேசினால் கம்பெனி வியட்நாமுக்குப் போய்விடுமே சார்?" என்று கேட்கப் போகிற என் பழைய மாணவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம், தட்டுப்பாட்டில் கூடுதல் உற்பத்தி என்றெல்லாம் ஜப்பான் கறாராகத்தான் பேசியது. டி.எஸ்.எம்.சி குமமோட்டோவை விட்டு ஓடவில்லை. கட்டி முடித்துத் திறந்து, இரண்டாவது ஆலைக்கும் ஒப்புக்கொண்டது.